மலையகத் தோட்டங்களில் நாட்பட்ட வலியும் மோர்ஃபின் மருந்தும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரபத்தனை, இராகலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் நோயாளிகளுக்கு மோர்ஃபின் முதலான ஓபியாய்டு வலிநீக்கிகள் எளிதில் கிடைப்பதில்லை. இம்மருந்துகளுக்கு நாட்டில் தடை கிடையாது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். ஆயினும் தூரம், நாட்கூலி, மொழி, சட்டத்தின் மீதான அச்சம், தோட்டங்களுக்கென்று தனியாக வளர்ந்த மருத்துவ முறை ஆகிய ஐந்தும் சேர்ந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் படுத்திருக்கும் நோயாளிக்கும் வைத்தியசாலை அலுமாரியில் பூட்டியிருக்கும் மாத்திரைக்கும் இடையே பெரும் இடைவெளியை உண்டாக்கியுள்ளன. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழு இலட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தோட்டப்புறங்களில் வாழ்பவர்கள். எனவே மாவட்டத்தின் பொதுச் சுகாதாரக் கேள்விகளில் ஒன்றாகவே இதைக் கொள்ள வேண்டும்.

நாட்பட்ட வலியின் இரு வகைகள்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டுத் திரும்பவரும் வலியை மருத்துவம் நாட்பட்ட வலி என்கிறது. சிகிச்சை நோக்கில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, முற்றிய புற்றுநோய், வாழ்வின் இறுதிக்கட்ட நோய்கள் ஆகியவற்றின் வலி. கடுமையான புற்றுநோய் வலிக்கு மோர்ஃபினே முதன்மை மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்ஃபின் இடம்பெற்றது. பரசிட்டமோல் போன்ற எளிய மருந்தில் தொடங்கி, கோடீன் வகைக்கும் பின்னர் மோர்ஃபினுக்கும் படிப்படியாகச் செல்லும் முறையை அந்நிறுவனம் 1986-இல் வகுத்தது. வாய்வழியாகக் கொடுப்பது, வலி வந்த பிறகு கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுப்பது, ஆளுக்கேற்ப அளவைத் தீர்மானிப்பது என்பவை இம்முறையின் அடிப்படைகள்.

இரண்டாவது, முதுகு, கழுத்து, தோள், முழங்கால் ஆகியவற்றின் தேய்மானத்தாலும் உழைப்பாலும் வரும் வலி. இங்கே ஓபியாய்டுகளின் பயன் குறைவு. அமெரிக்காவில் முதுகுவலியும் மூட்டுத்தேய்மானமும் கொண்ட 240 பேரிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் உடலியக்கம் மற்ற மருந்துகளை எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. இவ்வகை வலிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை, வேலைமாற்றம், ஓய்வு, எளிய வலிநீக்கிகள், நரம்புவலிக்கான மருந்துகள் ஆகியவையே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன.

மலையகத்தில் இந்த இரு வகை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் கைக்கு வருகிறது. அது பெனடோல் எனப்படும் பரசிட்டமோல். மோர்ஃபின் தேவைப்படுபவருக்கு அது கிடைப்பதில்லை. மோர்ஃபின் தேவைப்படாதவருக்குத் தேவையான மற்ற சிகிச்சைகளும் கிடைப்பதில்லை.

தோட்ட வேலையும் உடலும்

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால் மாலைவரை நின்றபடியே வேலை. கூடையின் கயிறு உச்சந்தலையில் பதிந்திருக்க, பாரம் முதுகில் தொங்கும். கழுத்து முன்னோக்கி வளைந்து அந்தப் பாரத்தைத் தாங்கும். கூடைக்குப் பதிலாகச் சாக்கோ பையோ கட்டிக்கொள்ளும் இடங்களிலும் பாரம் குறைவதில்லை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று பறிக்க வேண்டிய அளவு விதிக்கப்பட்டுள்ளது. அந்த அளவு எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். சரிந்த மலையில் ஈரத்தரையில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி நிற்பதால் முழங்காலும் இடுப்பும் ஒருபக்கமாகத் தேய்கின்றன. நிறுவைக்காகக் கொழுந்தைச் சுமந்து இறங்கும்போதும் அதே மூட்டுகளே அடிவாங்குகின்றன.

ஆண்களுக்குக் கவ்வாத்து வெட்டுதல், கான் (வடிகால்) வெட்டுதல், மருந்தடித்தல், தொழிற்சாலையில் மூட்டை தூக்குதல் போன்ற வேலைகள். குளிரும் ஈரமும் உள்ள வீடுகளில் இந்த வலிகள் இரவில் கூடுகின்றன. கை கால் உளைச்சல், இடுப்புக் குடைச்சல் என்று சொல்லி, தைலம் தேய்த்து, மறுநாள் மீண்டும் மலைக்கு ஏறுவது வழக்கமாகிவிட்டது. நகரத்து மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து வாங்கி விழுங்குபவர்களுக்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் அபாயம் உண்டு. வலியை மறக்கச் சாராயத்தை நாடுபவர்களும் இருக்கிறார்கள்.

வாய்ப்புற்றுநோய்

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லும் பழக்கம் தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாரிடமும் பரவலாக உள்ளது. பசியையும் குளிரையும் களைப்பையும் மறக்க உதவுவதால் வேலைத்தலத்திலேயே வெற்றிலை போடுவது சாதாரணம். பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

வாய்ப்புற்றுநோயின் வலி தனித்தன்மை கொண்டது. தாடை எலும்புக்கும் நரம்புக்கும் நோய் பரவும்போது காதுக்கும் தலைக்கும் வலி ஏறும். பேச முடியாது; விழுங்க முடியாது. நெடுநாள் பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்சவ்வு இறுகி, வாயை இரண்டு விரல் அளவுக்கும் திறக்க இயலாமல் போனவர்களும் உண்டு. அத்தகையவருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. திரவ மருந்தோ, மூக்குவழிக் குழாயோ, தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டையோ வேண்டும். இவற்றைத் தீர்மானிக்கப் பயிற்சிபெற்ற வைத்தியர் தேவை. தன் வலியைத் தானே எடுத்துச் சொல்ல முடியாத நோயாளி என்பதால், உடன் வருபவரின் பேச்சை வைத்தியர் புரிந்துகொள்வதும் தேவை.

தோட்ட மருத்துவ முறையின் வரலாறு

தோட்டங்களின் மருத்துவம் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலிருந்தே நாட்டின் பொது மருத்துவத்திலிருந்து தனித்து வளர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872-இல் ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1912-இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் நலனைப் பார்க்கும் பொறுப்பைத் தோட்டத்துரைகள் மீது சுமத்தியது. தோட்டத்து டிஸ்பென்சரி, டிஸ்பென்சர், பிரசவ அறை, பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) என்ற அமைப்பு இந்த வழியில் உருவானது. அதன் நோக்கம் கொள்ளைநோயைத் தடுப்பதும் உழைப்பாளியை வேலைக்குத் திருப்பி அனுப்புவதும்தான். தீராத நோயோடு வாழ்பவருக்கும் சாகும் தறுவாயில் இருப்பவருக்கும் அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் இலவச மருத்துவம் கிராமங்களுக்கு விரிந்த காலத்தில் தோட்டங்கள் கம்பனிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டம் தொடங்கியது. சில வைத்தியசாலைகள் மாறின, பல மாறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் முதல் மருத்துவத் தொடர்பு, தோட்ட வைத்திய உதவியாளர்தான். மக்கள் அவரை டாக்டர் ஐயா என்றே அழைக்கிறார்கள். ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர் அல்லர். மோர்ஃபின் எழுதும் உரிமை அவருக்கு இல்லை. அதை வைத்திருக்கும் வசதி அவருடைய டிஸ்பென்சரிக்கும் இல்லை.

சட்டமும் கட்டுப்பாடும்

இலங்கையில் ஓபியாய்டுகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1929-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம். 1984-இல் செய்யப்பட்ட திருத்தம் சட்டவிரோதக் கடத்தலுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க வழிசெய்தது. அதே ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைந்தது. மருந்துகளின் பதிவையும் இறக்குமதியையும் 2015-இன் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கண்காணிக்கிறது. இலங்கையும் ஏற்றுள்ள 1961-இன் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும். வலிநீக்கத்துக்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கையின் முகவுரையே சொல்கிறது.

சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடுக்கவில்லை. பதிவுபெற்ற வைத்தியரின் மருந்துச்சீட்டோடு பெறும் மோர்ஃபின் முற்றிலும் சட்டபூர்வமானது. நடைமுறையில் அது கடந்துவரும் கெடுபிடி அதிகம். வார்ட்டில் மோர்ஃபின் தனி அலுமாரியில் பூட்டி வைக்கப்படும். எடுக்கும் ஒவ்வொரு ஊசிமருந்தும் மாத்திரையும் பதிவேட்டில் ஏறி, கையொப்பத்தோடு கணக்குக் காட்டப்படும். ஒன்று குறைந்தாலும் விசாரணை வரும். ஊழியர் குறைந்த சிறிய வைத்தியசாலைக்கு இந்தப் பொறுப்பு சுமையாகிறது. மருந்தை வரவழைக்காமலேயே இருந்துவிட்டு, நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவது எளிதாகத் தெரிகிறது. ட்ரமடோல், ப்ரிகாபலின் மாத்திரைகள் போதைக்காகக் கடத்தப்பட்டுப் பொலிஸாரிடம் சிக்கும் செய்திகள் இந்தத் தயக்கத்தைக் கூட்டுகின்றன.

மருந்தை அடையும் வழி

தோட்டத்து நோயாளி வழக்கமாகக் கடக்கும் படிகள் நான்கு: தோட்ட டிஸ்பென்சரி, நகரத்துப் பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை அல்லது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, இறுதியாகக் கண்டி தேசிய வைத்தியசாலை அல்லது மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத் தொகுதியை இந்தியாவின் உதவியுடன் கட்டி, 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். ஹட்டன் பகுதி மக்களுக்கு அது பெரிய வசதி. எனினும் புற்றுநோய்க்கான விசேட சிகிச்சைக்கு அவர்கள் பெரும்பாலும் கண்டிக்கோ மஹரகமவுக்கோ போகவேண்டியுள்ளது.

மலைமேல் உள்ள தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) இருப்பவர் முதலில் பிரதான வீதிக்கு இறங்க வேண்டும். நடக்க முடியாத நோயாளிக்கு முச்சக்கரவண்டியைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் எலும்புக்குப் பரவிய புற்றுநோயாளிக்கு வேதனை. பிறகு ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்குப் பஸ். காலைக் கிளினிக்குக்கு இலக்கம் எடுக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மாலை திரும்பும்போது நோயாளிக்கும் உடன்போனவருக்கும் அன்றைய பேர் இல்லை. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவானது. இருவரின் கூலி இழப்பையும் வாகனச் செலவையும் கூட்டினால், இலவச மருந்தைப் பெறுவதற்கு ஒரு குடும்பம் பல நாள் உழைப்பைச் செலவிடுகிறது. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ போகாமல் நின்றுவிடுவதற்கு அலட்சியம் காரணமல்ல.

மொழி அடுத்த தடை. மலையக வைத்தியசாலைகளில் பணிபுரியும் வைத்தியர்களிலும் தாதியரிலும் பலர் தமிழ் அறியாதவர்கள். இரத்த அழுத்தத்தைக் கருவி காட்டும். வலியை நோயாளியின் வாய்ச்சொல்தான் காட்டும். எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா, இரவில் கூடுகிறதா என்பதைச் சொல்லத் தெரியாமல் “வலிக்குது” என்ற ஒரு சொல்லோடு நின்றால், நரம்புவலிக்கான மருந்தும் மோர்ஃபினின் அளவும் சரியாக அமையாது. மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்ற குறிப்பு தமிழில் இல்லையென்றால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய மாத்திரையை வலி தாங்காத போது மட்டும் எடுப்பார்கள். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்றே தோன்றும்.

அச்சம் இருபுறமும் உண்டு. மோர்ஃபின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் இறந்துவிடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று குடும்பங்கள் நம்புகின்றன. சிறு அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கவனமாகக் கூட்டினால் மோர்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. நாட்பட எடுக்கும்போது உடல் அதற்குப் பழகுவது இயல்பு. அது அடிமைத்தனம் ஆகாது. மலச்சிக்கல் ஏறத்தாழ எல்லோருக்கும் வரும் என்பதால், மலமிளக்கியைத் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுப்பது முறை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இவை எல்லாம் சொல்லித்தரக்கூடியவை. சொல்லித்தர நேரமும் மொழியும் வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடி

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதியாவதால், அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் நின்றன. வைத்தியசாலைக்கு அருகில் வாழ்பவருக்கு இது மருந்துத் தட்டுப்பாடு மட்டுமே. மலையக நோயாளிக்கோ போகும் வழியும் சேர்ந்து அடைபட்டது.

பிற இடங்களின் அனுபவம்

வலிநீக்கத்தில் உலகளாவிய ஏற்றத்தாழ்வை 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. ஆண்டுதோறும் உலகில் விநியோகமாகும், மோர்ஃபின் அளவில் கணக்கிட்ட 298.5 தொன் ஓபியாய்டில் 0.1 தொன் மட்டுமே வறிய நாடுகளுக்குப் போகிறது என்று அது கணித்தது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. தாராளமாக எழுதப்பட்ட ஓபியாய்டுகளால் இறப்புகள் பெருகின. அதைக் கட்டுப்படுத்த 2016-இல் வந்த வழிகாட்டல் கண்மூடித்தனமாகப் பின்பற்றப்பட்டு, நெடுநாள் மருந்தெடுத்த பலருக்கு அம்மருந்து திடீரென்று நிறுத்தப்பட்டது. 2022-இல் வழிகாட்டல் திருத்தப்பட்டது. தாராளம், கெடுபிடி இரண்டிலும் நோயாளிகளே பாதிக்கப்பட்டார்கள்.

இந்தியாவில் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மோர்ஃபினின் மருத்துவப் பயன்பாடு சுமார் 600 கிலோவிலிருந்து 1997-இல் 18 கிலோவாக வீழ்ந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநீக்க மருத்துவமனையிலிருந்து பரவிய இயக்கம் இந்தப் போக்கை மாற்றத் தொடங்கியது. ஊர்த்தொண்டர்கள் வீடு தேடிச் சென்று நோயாளியைப் பார்க்கும் முறையைக் கேரளம் வளர்த்தது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. 2014-இல் இந்தியச் சட்டமும் திருத்தப்பட்டு, மருத்துவ மோர்ஃபினுக்கான உரிம நடைமுறை எளிதானது.

உகாண்டாவில் மருத்துவர் ஆன் மெரிமன் 1993-இல் தொடங்கிய ஹொஸ்பிஸ் இயக்கம் மோர்ஃபின் தூளைக் கரைத்து மலிவான திரவ மருந்தாக்கி வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 2004 முதல் சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் மோர்ஃபின் எழுத அங்கே சட்டம் அனுமதிக்கிறது. வைத்தியர் எட்டாத மலையகத்துக்கு மிக நெருக்கமான பாடம் இதுதான்.

இலங்கையின் முயற்சிகளும் எஞ்சியுள்ளவையும்

உலக சுகாதாரப் பேரவை 2014-இல், தீரா நோயாளிகளின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பை எல்லா நாடுகளின் பொது மருத்துவத்திலும் இணைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கை 2019–2023 காலத்துக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு உபாயத் திட்டத்தை வகுத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறையில் வைத்தியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இதை ஒருங்கிணைக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் திட்டங்கள் அரச வைத்தியசாலையை மையமாகக் கொண்டவை. தோட்டத்து டிஸ்பென்சரி இன்னும் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறது.

செய்யவேண்டியவை புரியாதவை அல்ல. கண்டியில் தொடங்கிய மோர்ஃபினைப் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே தொடர்ந்து பெற ஏற்பாடு வேண்டும். தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் தோட்ட வைத்திய உதவியாளரும் வலியை அளந்து பதியவும், மலச்சிக்கலையும் மயக்கத்தையும் கண்டு அறிவிக்கவும் பயிற்சி பெற வேண்டும். மருந்துக் குறிப்புகள் தமிழில் அச்சாக வேண்டும். கிளினிக்குப் போகும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது. உழைப்பால் தேய்ந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் பாரம் குறைந்த வேலையும் தோட்டத்திலேயே கிடைக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மலைகளின் தேயிலை நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்துள்ளது. அதைப் பறித்தவர்களின் இறுதி நாட்களை வலியின்றிக் கழியச் செய்வது சலுகை ஆகாது. நாட்டின் பொது மருத்துவம் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டி அவர்களுக்குத் தரவேண்டிய கடமை அது. தோட்டங்களின் மருத்துவத்தை அரசு முழுமையாகப் பொறுப்பேற்காதவரை அந்தக் கடமை நிறைவேறாது.